ஒன்றாம் வகுப்பு டீச்சரும் லிஃப்டில் ஏறிய எறும்பும்

என் மகளுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்றுதான் நான் முதலில் நினைத்தேன். இப்போதும் அந்த நினைப்பு முழுசாகப் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். இருபத்தோரு வருடம் ஒரே பள்ளிக்கூடத்தில் ஒன்றாம் வகுப்பு நடத்தியவள். ஒரு வருடம் சம்பளமில்லாத விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, குழந்தைகளுக்குக் கதைப்புத்தகம் எழுதப் போகிறேன் என்று வீட்டில் வந்து உட்கார்ந்தாள். அந்த வருடம் முடிகிற சமயத்தில் தலைமையாசிரியையிடமிருந்து கடிதம் வந்தது. வெள்ளிக்கிழமை மாலை நாலு மணிக்கு நேரில் வர வேண்டும். திங்கட்கிழமை முதல் வேலைக்கு வருகிறேன் என்று எழுதிக் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் விலகிக்கொள்கிறேன் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். இன்னொரு வருட விடுப்பு என்ற பேச்சே கிடையாது. எனக்குப் படிக்கத் தெரியாது என்பதால் மாப்பிள்ளை அதை இரண்டு தடவை படித்துக் காட்டினார். இரண்டு தடவையும் அதேதான் இருந்தது.

என் கட்சி என்ன என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். அவள் திரும்பிப் போக வேண்டும் என்பது என் கட்சி. கடிதம் வந்த அன்றைக்கே சொன்னேன். மறுநாள் காலையில் பல் தேய்க்கும்போதும் சொன்னேன். பல் தேய்த்தது அவள். எனக்குத் தேய்ப்பதற்கு இரண்டுதான் மிச்சம்.

அவள் எப்படிப்பட்ட டீச்சர் என்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். பள்ளியின் கடைசி அறை அவளுடையது. ஜன்னல் பக்கம் முப்பத்தெட்டு ஜோடி செருப்பு வரிசையாக இருக்கும், ஒரு ஜோடி கூடக் கோணலாக இருக்காது. முழங்கால் உயரத்து நாற்காலிகள். கரும்பலகையின் கீழ்ப்பாதி குழந்தைகளுக்கு, மேல்பாதி அவளுக்கு. திரும்பி எழுதிக்கொண்டிருக்கும்போதே முதுகுக்குப் பின்னால் இருமுவது யார் என்று சொல்வாள். மேசையில் இரண்டு தட்டு தட்டினால் அறை அடங்கிப்போகும். ஒவ்வொரு விஷயத்தையும் சொல்லி முடித்ததும் “சரியா?” என்பாள். முப்பத்தெட்டு வாயும் ஒரே சமயத்தில் “சரி டீச்சர்” என்னும். வீட்டிலும் அப்படித்தான். மாப்பிள்ளை லிஃப்ட் பழுது பார்க்கிறவர், கையெல்லாம் மசகோடு வருவார். “சோப்பு போட்டுக் கழுவணும், நகத்துக்குள்ளயும். சரியா?” என்பாள். அவரும் “சரி டீச்சர்” என்பார். கல்யாணமான நாளிலிருந்து அவர் அவளை வேறு எப்படியும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

அப்படிப்பட்டவள் ஏன் விட்டாள் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. நான் கேட்காமல் இல்லை. முதல் தடவை கேட்டபோது தொண்டை போய்விட்டது, டாக்டர் கத்தக் கூடாது என்கிறார் என்றாள். இன்னொரு நாள், பாடப்புத்தகத்தில் இருக்கும் கதைகளைப் படித்தால் எனக்கே தூக்கம் வருகிறது, நல்லதாக நாலு கதை நான் எழுதினால் என்ன என்றாள். மூன்றாம் தடவை கேட்டபோது சாதம் வடித்துக்கொண்டிருந்தாள். தட்டைக் கீழே வைத்துவிட்டு, “தெரியலம்மா” என்றாள். மூன்றில் எது நிஜம் என்று நான் மண்டையை உடைத்துக்கொண்டேன். அவளும் அதையேதான் செய்துகொண்டிருந்தாள் என்று பிற்பாடுதான் புரிந்தது.

அந்த ஒரு வருடம் அவள் செய்த வேலையைப் பார்த்தால் உங்களுக்கும் பயம் வந்திருக்கும். சமையலறைக்கு வெளியே ஒரு மேசையைப் போட்டுக்கொண்டு காலை எட்டு மணிக்கு உட்காருவாள். சுவரைப் பார்ப்பாள். ஒரு வரி எழுதுவாள், அடிப்பாள். மறுபடி சுவர். வேலை என்றால் ஏதாவது அசைய வேண்டாமா? இவளிடம் பேனா கூட எப்போதாவதுதான் அசைந்தது. நான் நெற்றியில் கை வைத்துக் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்ப்பேன். “அம்மா, யோசிக்கிறேன்” என்பாள். யோசிப்பதற்கு ஒரு வருடம் விடுப்பா? நான் நான்கு பிள்ளைகளை வளர்த்தேன், யோசிக்க எனக்கு யாரும் ஒரு மத்தியானம் விடுப்புத் தரவில்லை.

ஆறு கதை எழுதி அனுப்பினாள். ஐந்து திரும்பி வந்தன. ஆறாவது ஒரு எறும்பின் கதை. ஐந்து மாடிக் கட்டடத்தில் ஒரு எறும்பு லிஃப்டில் ஏறுகிறது. பட்டனை அமுக்கி ஒவ்வொரு மாடியாகப் போகிறது. முதல் மாடியில் ஒரு பாட்டி, பகிர்ந்து சாப்பிட வேண்டும் என்று கற்றுக்கொள்கிறது. இரண்டாவது மாடியில் சுத்தம். மூன்றாவதில் உண்மை பேசுவது. இப்படி ஐந்து மாடிக்கு ஐந்து. அதைப் படித்த பதிப்பாளர் அம்மா ஒருவர், கண்ணாடிக் கடைக்கு மேலே அலுவலகம் வைத்திருப்பவர், நேரில் வரச் சொன்னார். கதையில் ஏதோ இருக்கிறது, ஆனால் எது என்று பிடிபடவில்லை, குழந்தைகளுக்கு முன்னால் படித்துக் காட்டுங்கள், நான் பின்னால் உட்கார்ந்து பார்க்கிறேன் என்றார். இவளுக்கு அதைவிட என்ன வேண்டும்? குழந்தைகளா, என் வகுப்பு இருக்கிறதே என்று தலைமையாசிரியையிடம் அனுமதி வாங்கிவிட்டாள்.

அது திங்கட்கிழமை. கடிதத்தில் சொன்ன வெள்ளிக்கிழமைக்கு நாலு நாள் முன்னால். நானும் போனேன். பள்ளியைப் பார்த்தாலாவது அவளுக்கு ஆசை வராதா என்று ஒரு நப்பாசை. எனக்கும் ஒரு முழங்கால் உயர நாற்காலி கொடுத்தார்கள். உட்கார்ந்துவிட்டேன், எழுந்திருப்பதைப் பற்றி அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று.

இவள் உள்ளே நுழைந்து இரண்டு தட்டு தட்டினாள். அவ்வளவுதான், அறை அடங்கியது. அந்த வருடம் வேறு டீச்சரிடம் படிக்கிற குழந்தைகள், இவளை முன்பின் பார்த்ததில்லை. ஆனால் அந்தத் தட்டல் அந்தச் சுவருக்கே பழக்கம் போலிருக்கிறது. கதையைப் படித்தாள். ஒவ்வொரு பக்கத்தின் முடிவிலும் நிறுத்தி, “சரியா?” என்றாள். “சரி டீச்சர்” என்று கூரை அதிர்ந்தது. ஐந்தாவது மாடிக்கு எறும்பு போய்ச் சேரும் வரை ஒரு குழந்தை கூட மூக்கு நோண்டவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. இதை விட்டுவிட்டா சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறாய் என்று அவளை அங்கேயே நாலு வார்த்தை கேட்க வேண்டும் போலிருந்தது.

வெளியே வந்ததும் பதிப்பாளர் அம்மா தாளைக் கையில் வாங்கிப் புரட்டி, ஒவ்வொரு பக்கத்தின் கடைசி வரியையும் வாய்விட்டுப் படித்தார். அந்த “சரியா?” கதையிலேயே எழுதியிருக்கிறது என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. ஒவ்வொரு பக்கத்திலும், கடைசி வரி அதுதான். இவள் பேச்சுப் பழக்கத்தில் சொல்லவில்லை. எழுதி வைத்திருக்கிறாள். எழுதியது இவளுக்கே தெரியவில்லை.

“டீச்சர், அவங்க கதை கேட்டாங்களா, இல்ல நீங்க சொன்னதைக் கேட்டாங்களா?” என்றார் பதிப்பாளர் அம்மா.

இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று எனக்கு விளங்கவில்லை. மகளுக்கு விளங்கிவிட்டது, முகம் சுருங்கிப்போனது. நீங்கள் டீச்சர் என்று யாருக்கும் தெரியாத இடத்தில் ஒரு தடவை படித்துப் பாருங்கள், அப்புறம் பேசுவோம், புத்தகம் ஆகுமா ஆகாதா என்று எனக்கே இன்னும் தெரியவில்லை என்று சொல்லிவிட்டு அந்த அம்மா கிளம்பினார். தெரியாது என்பதை எவ்வளவு தைரியமாகச் சொல்கிறார்கள் பாருங்கள் இந்தப் படித்தவர்கள். நான் தெரியாது என்று சொன்னால் மட்டும் கைநாட்டு.

புதன்கிழமை எனக்குப் பல்செட் அளவு எடுக்க வேண்டியிருந்தது. பல் டாக்டரின் காத்திருப்பு அறையில் எப்போதும் நாலைந்து குழந்தைகள் இருக்கும். யாருக்கும் இவளைத் தெரியாது. தாள்களைப் பையில் போட்டுக்கொண்டு வந்தாள். நீல நிற பிளாஸ்டிக் நாற்காலிகள், மூலையில் ஒரு மீன் தொட்டி, உள்ளேயிருந்து அந்த ராவுகிற மெஷின் சத்தம். குழந்தைகள் எல்லாம் பயத்தில் அம்மா மடியோடு ஒட்டிக்கொண்டிருந்தன. கதை சொல்லட்டுமா என்று இவள் கேட்டதும் மூன்று குழந்தைகள் வந்தன. அதில் ஒரு பெண் குழந்தைக்குக் கன்னம் வீங்கியிருந்தது, சட்டைக் காலரைச் சப்பிக்கொண்டே வந்து முன்னால் நின்றது.

இவள் முதல் பக்கம் படித்தாள். எறும்பு லிஃப்டுக்குள் போனது. பட்டனை அமுக்கியது. “சரியா?” என்றாள். ஒருவரும் பதில் சொல்லவில்லை. இவள் காத்திருந்தாள். இருபத்தோரு வருடமாக அந்தக் கேள்விக்குப் பதில் வராமல் இருந்ததில்லை, வரும் வரும் என்று நின்றாள்.

அப்போது அந்தக் கன்னம் வீங்கிய குழந்தை காலரை வாயிலிருந்து எடுத்துவிட்டு, “எறும்புக்கு பட்டன் எட்டுமா?” என்றது.

“கேள்வியெல்லாம் கடைசில. இப்போ கவனி” என்றாள் என் மகள்.

வாய் தானாகச் சொன்னதுதான். சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கே தெரிந்துவிட்டது. குழந்தை காலரைத் திரும்ப வாயில் வைத்துக்கொண்டு மீன் தொட்டிப் பக்கம் போய்விட்டது. மற்ற இரண்டும் அதன் பின்னாலேயே போயின. இவள் இரண்டாவது மாடித் தாளைக் கையில் பிடித்தபடி நடு அறையில் நின்றாள். நர்ஸ் எட்டிப் பார்த்து என் முறை வந்துவிட்டது என்றார். வாயில் மெழுகை வைத்து அளவு எடுக்கும்போது எனக்கு வலி தெரியவில்லை. வெளியே இவள் தனியாக நிற்கிறாளே என்பதுதான் உறுத்தியது.

வீட்டுக்கு வந்ததும் இதுதான் நல்ல சமயம் என்று ஆரம்பித்துவிட்டேன். அடிபட்டிருக்கும்போது சொல்லக் கூடாது என்று தெரியும். ஆனால் வெள்ளிக்கிழமைக்கு இரண்டு நாள்தான் இருந்தது, வேறு எப்போது சொல்வது?

“முப்பத்தெட்டு பேரை உட்கார வெச்சவ, இன்னைக்கு மூணு பேரை நிக்க வைக்க முடியல. உனக்குக் கை வந்தது அந்த வேலைதாண்டி. பேசாம திரும்பிப் போ.”

அவள் கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். கோபம் இல்லை.

“அதுதாம்மா எனக்கு இப்போ குழப்பம். இத்தனை வருஷமா அந்தக் குழந்தைங்க எனக்காக உட்கார்ந்தாங்களா, இல்ல எழுந்திரிக்க நான் விடாததால உட்கார்ந்தாங்களா?”

உட்கார்ந்தார்களா இல்லையா, அதுதானே முக்கியம் என்றேன். சொன்ன பிறகு எனக்கே அது சரியாகப் படவில்லை. ஆனாலும் பிடித்ததை விட மனசு வரவில்லை.

மாப்பிள்ளை வேலையிலிருந்து வந்து, கேட்காமலேயே கையைக் கழுவிக்கொண்டு உட்கார்ந்தார். எறும்பால் லிஃப்ட் பட்டனை அமுக்க முடியுமா என்று அவள் கேட்டாள். வேலை விஷயத்தில் அவர் விளையாட மாட்டார். நிதானமாக யோசித்துவிட்டுச் சொன்னார்: பட்டன் வரைக்கும் சுவரில் ஏறிப் போகலாம், ஆனால் அமுக்குகிற பலம் இல்லை. யாராவது மனுஷன் வந்து அமுக்கினால், விரலுக்கு அடியில் நசுங்கிப்போகும். தரையிலேயே இருந்தால் தப்பிக்கும். அதோடு எடை போதாது; எறும்பு ஏறியது லிஃப்டுக்கே தெரியாது.

“அப்போ அது எப்படித்தான் மேல போகும்?”

“யார் எந்த மாடிக்குப் போறாங்களோ அங்கே போகும் டீச்சர். அதுக்குன்னு ஒரு மாடி கிடையாது. கதவு திறந்தா இறங்கலாம், இல்ல இருக்கலாம். அவ்வளவுதான் அதோட கையில இருக்கு.”

வளர்ந்த மனுஷர்கள் இரண்டு பேர் எறும்பின் போக்குவரத்தைப் பற்றி இவ்வளவு நேரம் பேசுகிறார்களே என்று நான் தலையில் அடித்துக்கொண்டு படுக்கப் போனேன்.

வியாழக்கிழமை முழுக்க மேசையில் பேனா அசைந்தது. ஐந்து மாடிப் பாடங்களையும் அடித்தாள். “சரியா?” எல்லாவற்றையும் அடித்தாள். எறும்பு இறங்க வேண்டிய இடம் தெரியாமல் யாரோ ஒருத்தருடைய செருப்புக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, கதவு திறக்கும்போதெல்லாம் இறங்கலாமா வேண்டாமா என்று பார்க்கிறது. இதைத்தான் எனக்குப் படித்துக் காட்டினாள். முடிவு என்ன என்றேன். தெரியாது, இரண்டாவது மாடி வரைக்கும்தான் வந்திருக்கிறேன் என்றாள். நாளைக்கு நாலு மணிக்கு என்ன சொல்லப் போகிறாய் என்றேன். அதுவும் தெரியாது என்றாள். முடிவு தெரியாமல் ஒருத்தி ஒரே நாளில் இரண்டு வேலையை நடத்துவதை நான் முதல் தடவையாகப் பார்த்தேன்.

வெள்ளிக்கிழமை காலை பல்செட் மாட்ட வரச் சொல்லியிருந்தார்கள். போனால் அதே குழந்தை உட்கார்ந்திருக்கிறது. அதற்குள் பல்லைப் பிடுங்கிவிட்டார்கள், வாய் நிறையப் பஞ்சு. இவளைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டது. இவள் தயங்கித் தயங்கிப் பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்தாள். நாற்காலி காலியாகத்தான் இருந்தது, ஏன் தரை என்று எனக்குப் புரியவில்லை.

“நீ கேட்டது சரிதான். எட்டினாலும் எறும்பால அமுக்க முடியாது. அதை நான் யோசிக்கவே இல்ல” என்றாள். புதுத் தாள்களை நீட்டினாள்.

குழந்தையால் பேச முடியாது. தாளைப் பார்த்தது. இவள் மெதுவாகப் படித்தாள், எங்கேயும் நிறுத்தி எதுவும் கேட்கவில்லை. முதல் தாள் முடிந்ததும் குழந்தையே விரலால் தள்ளித் திருப்பியது. அப்புறம் அடுத்தது. கதவு திறந்தது, இரண்டாவது மாடி, எறும்பு வெளியே எட்டிப் பார்த்தது. குழந்தை அடுத்த தாளையும் திருப்பியது. அதில் ஒன்றும் இல்லை, வெறும் தாள். பின்பக்கம் திருப்பிப் பார்த்தது, அங்கேயும் இல்லை. கையில் கொடுத்ததைப் பிடுங்கிக்கொண்டது போல என் மகளை முறைத்தது. அதற்குள் அதன் அம்மா கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டார்.

“பாத்தியாம்மா?” என்றாள் மகள்.

வாயில் பஞ்சு வைத்த குழந்தை எழுந்து எங்கே போகும், அதனால்தான் உட்கார்ந்திருந்தது என்று நான் சொன்னேன். அவளுக்கும் அந்தச் சந்தேகம் இருந்திருக்க வேண்டும். பதிப்பாளர் அம்மாவுக்கு போன் செய்து நடந்ததைச் சொன்னாள். அவர் முழுசாக எழுதிக் கொண்டுவாருங்கள், பார்க்கலாம் என்றார். பார்க்கலாம் என்றால் ஆகும் என்றா, ஆகாது என்றா? அதை அவள் கேட்கவும் இல்லை.

நாலு மணிக்குத் தலைமையாசிரியையின் அறையில் இருந்தோம். சுவர் முழுக்கக் கால அட்டவணை, மேசையில் ஸ்டாம்ப் பேடு, ஒரு பாத்திரம் நிறையச் சீவிய பென்சில். நான் வழியெல்லாம் ஒரு பேச்சைத் தயார் செய்துகொண்டு வந்திருந்தேன். அவள் சின்னப்பிள்ளை மாதிரி ஏதோ ஆசைப்பட்டுவிட்டாள், மன்னித்து வைத்துக்கொள்ளுங்கள், இந்த மாதிரி டீச்சர் உங்களுக்குக் கிடைக்க மாட்டாள் என்று. ஆனால் காலையில் மாட்டிய பல்செட் வாய்க்குள் நிற்கவில்லை. வாயைத் திறந்தால் கடகடவென்று ஆடுகிறது. பல்லு மேசையில் விழுந்தால் பேச்சு எடுபடுமா?

பையில் இரண்டு கவர் வைத்திருந்தாள். ஒன்றில் வருகிறேன் என்று எழுதியது, ஒன்றில் விலகுகிறேன் என்று எழுதியது. ஒன்றை எடுத்தாள், பார்த்தாள், உள்ளே வைத்தாள். மற்றதை எடுத்தாள். அதையும் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு முதலில் எடுத்ததையே எடுத்துக் கொடுத்துவிட்டாள். எனக்கு எது எது என்று எப்படித் தெரியும்? தலைமையாசிரியை பிரித்துப் படித்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. நான் வாயைக் கையால் அழுத்திக்கொண்டு, என்னம்மா எழுதியிருக்கிறது என்று கேட்டேன்.

“வேலையை விட்டு விலகுறாங்கம்மா” என்றார். பிறகு அவளைப் பார்த்து, “புத்தகம் உறுதியாயிடுச்சா டீச்சர்?” என்றார்.

“இல்ல மேடம்.”

“வருமா?”

“தெரியாது மேடம்.”

“தெரியாமலா இதைக் குடுக்கறீங்க?”

“ஆமாம் மேடம். வகுப்புக்கு வந்தா நான் மறுபடி ரெண்டு தட்டு தட்டுவேன். அதுங்க உட்கார்ந்துடும். அப்புறம் எனக்கு எதுவுமே தெரியாமப் போயிடும்.”

தலைமையாசிரியை ஸ்டாம்பை எடுத்தார். நான் கையை நீட்டி அந்தக் காகிதத்தின் மேல் வைத்துவிட்டேன். பேச்சுதான் வரவில்லையே, கை வந்தது. நன்றாக அழுத்தி வைத்தேன். அவரும் ஸ்டாம்பைத் தூக்கியபடி என்னைப் பார்க்கிறார். என் மகள் குனிந்து என் விரலை ஒவ்வொன்றாக எடுத்தாள். சுண்டு விரல், மோதிர விரல், நடு விரல். சாக்பீஸை விடமாட்டேன் என்று பிடித்திருக்கிற பிள்ளையின் கையிலிருந்து எடுப்பது போல, வலிக்காமல் எடுத்தாள். கட்டை விரலை மட்டும் நான் கொஞ்ச நேரம் விடவில்லை. “அம்மா” என்றாள். விட்டேன். ஸ்டாம்ப் விழுந்தது.

இப்போதும் என் கட்சி மாறவில்லை, அதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அந்த அறைக்கு அவள்தான் டீச்சர். ஆனால் விரலை எடுக்கும்போது அவள் கை தயங்கவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அந்த வருடம் முழுக்க ஒரு வரி எழுதி ஒரு வரி அடித்த கை அது. முடிவு எடுத்தவளுக்குத் தெளிவு வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு முகத்தைப் பார்த்தால், காலையில் இருந்த அதே குழப்பம் அப்படியே இருக்கிறது. கை ஒன்று சொல்கிறது, முகம் ஒன்று சொல்கிறது. எதை நம்புவது?

பஸ் நிறுத்தத்தில் நின்றோம். நான் பல்செட்டைக் கழற்றிக் கைக்குட்டையில் முடிந்துகொண்டேன், பேச வேண்டியது நிறைய இருந்தது. திட்டத்தான் வாயைத் திறந்தேன், வேறு ஏதோ வந்துவிட்டது.

“ஏண்டி, இனிமே யாராவது உன்னை என்ன வேலை பாக்கறேன்னு கேட்டா என்ன சொல்வே?”

அவள் யோசித்தாள். நிஜமாகவே யோசித்தாள், எதிர்க்கடைச் சுவரைப் பார்த்துக்கொண்டு. ஒரு பஸ் வந்தது, ஆட்கள் ஏறினார்கள், போனது. பதில் வரும் என்று நான் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். போனது எங்கள் பஸ் என்பதை இரண்டு பேருமே கவனிக்கவில்லை.